மீனவர்: சொல்லின் பொருளும் புழக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீனவர் என்றால் யார்? ஒரு வரியில் சொல்ல முடியுமா?

மீன் பிடிப்பதையும் அதைச் சார்ந்த வேலைகளையும் பிழைப்பாகக் கொண்டவர். கடல், ஆறு, ஏரி, கழிமுகம் எங்கே செய்தாலும் சரி. இதில் "பிழைப்பாக" என்பதுதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவரை யாரும் மீனவர் என்று சொல்வதில்லை. மழைக்காலத்தில் வாய்க்காலில் வேட்டியை விரித்துக் கெண்டை பிடிக்கிற பையன்களும் மீனவர் ஆகிவிட மாட்டார்கள். பல மாதம் கடல் பக்கமே போகாமல் கரையில் வலை கட்டிக்கொண்டிருக்கும் முதியவர், ஐயமே இல்லாமல் மீனவர்தான்.

பழைய நூல்களில் "மீனவர்" என்றால் பாண்டியர் என்கிறார்களே?

உண்மைதான். பாண்டியரின் கொடியில் மீன் இருந்ததால் மீனவன் என்றால் பாண்டிய மன்னன். முதலாம் குலோத்துங்க சோழனின் மெய்க்கீர்த்தியில் (கல்வெட்டில் மன்னனின் புகழைப் பாடும் பகுதியில்) "மீனவர் நிலைகெட வில்லவர் குலைதர" என்று வருகிறது. இதைப் படித்துவிட்டுச் சோழன் மீன்பிடிக் குப்பங்களைத் தாக்கினான் என்று நினைத்துவிடக் கூடாது. மீனவர் பாண்டியர், வில்லவர் சேரர், அவ்வளவுதான். கல்வெட்டிலோ பழம்பாடலிலோ இந்தச் சொல்லைக் கண்டால், பேச்சு போரைப் பற்றியதா தொழிலைப் பற்றியதா என்று முதலில் பாருங்கள்.

அப்படியானால் அந்தக் காலத்தில் மீன் பிடித்தவர்களை எப்படிச் சொன்னார்கள்?

பல பெயர்களில் சொன்னார்கள். நெய்தல் நிலத்து மக்களாகச் சங்கப் பாடல்களில் அதிகம் வருகிறவர்கள் பரதவர். அதே நிலத்தில் நுளையரும் உண்டு. திமில் என்ற படகில் போனவர் திமிலர், வலையால் பிழைத்தவர் வலைஞர். பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பைத் தனியாகவே விவரிக்கிறது.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் கரையிலேயே இருக்கிறார்கள். சினைச் சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை ஏற்றி வழிபடுகிறார்கள், பூச்சூடுகிறார்கள், கள் குடித்து மணலில் ஆடுகிறார்கள். ஓய்வு, சாமி, கொண்டாட்டம் மூன்றும் ஒரே நாளில். தொழிலுக்குப் போகாத நாளை ஊரே கூடிக் கும்பிடும் நாளாக வைத்துக்கொள்ளும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான அதிபத்தர் நாகப்பட்டினத்து நுளைப்பாடியைச் சேர்ந்தவர். பிடிக்கிற மீன்களில் ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவந்தார். வறுமை வந்து, ஒரே ஒரு மீன் மட்டும் வலையில் பட்ட நாட்களிலும் அதையே விட்டார். கடைசியில் பொன்மீன் அகப்பட்டபோதும் அதையும் விட்டார் என்கிறது பெரிய புராணம். நாகையில் இன்றும் ஆவணி மாதத்தில் இந்தத் தங்கமீன் விழா நடக்கிறது. "பாடி" என்று முடியும் அந்தப் பெயரிலேயே நுளையர் குடியிருப்பு என்ற பொருள் இருக்கிறது.

கிறிஸ்தவர்களின் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். பேதுருவும் அந்திரேயாவும் "மீன்பிடிக்கிறவர்களாயிருந்த" சகோதரர்கள், மீனவர்கள் அல்ல. தொழிலைச் சொல்லும் பொதுச்சொல்லாக "மீனவர்" இன்றிருக்கும் அளவுக்கு அப்போது ஓங்கவில்லை.

மீனவர் என்பது சாதிப் பெயரா, தொழில் பெயரா?

பேச்சில் தொழில் பெயர். அரசு ஏட்டில் இரண்டும். இந்த இடத்தில்தான் நிறையக் குழப்பம் வருகிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தமிழகக் கரையோரம் முழுக்க ஒரே சமுதாயம் கிடையாது. வடக்கே சென்னையிலிருந்து நாகை வரை பெரும்பாலும் பட்டினவர். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியைச் சுற்றிப் பரதவர். கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் முக்குவர். இராமநாதபுரம் பக்கம் கடையர் உண்டு, முஸ்லிம் மீனவர்களும் உண்டு. உள்நாட்டில் ஆறு, ஏரிகளை நம்பி வாழ்ந்தவர்கள் செம்படவர். இவர்களுக்குள் குலதெய்வம் வேறு, மதம் வேறு, ஊர் நிர்வாகம் வேறு. சோழமண்டலக் கரையில் நாட்டார், பஞ்சாயத்தார் சொல்லுக்கு மதிப்பு. குமரிக் கரையில் பங்குக் கோயிலை, அதாவது ஊரின் கத்தோலிக்கத் தேவாலயத்தைச் சுற்றித்தான் ஊர் நடக்கிறது. இவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்ல உதவுவது "மீனவர்" என்ற ஒரே சொல். எந்தக் குலத்தின் பெயரையும் இன்னொன்றின் தலையில் ஏற்றாமல் மரியாதையாகச் சொல்ல முடிகிறது என்பதுதான் அதன் பெரிய பலம்.

ஆனால் தமிழ்நாட்டின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் "மீனவர்" என்ற பெயரிலேயே ஒரு பதிவு இருக்கிறது. பர்வதராஜகுலம், பட்டணவர் (பட்டினவர்), செம்படவர் ஆகியோர் அதற்குள் வருகிறார்கள். முக்குவருக்குத் தனிப் பதிவு. ஆகவே சாதிச் சான்றிதழில் "மீனவர்" என்றிருப்பது ஒன்று, தொழில் என்ற கட்டத்தில் "மீனவர்" என்று எழுதுவது வேறு. முதல் வகையில் மீனவராக இருக்கும் ஒருவர் வங்கியில் வேலை பார்க்கலாம். இரண்டாம் வகையில் மீனவராக இருக்கும் ஒருவரின் சான்றிதழில் அந்தச் சொல்லே இல்லாமலும் இருக்கலாம். படிவம் நிரப்பும்போது எந்தக் கட்டம் என்று பார்த்து எழுதுங்கள்.

ஒரு வேண்டுகோள். நேரில் பேசும்போதும் எழுதும்போதும், அவர்களாகச் சொல்லாதவரை குலப்பெயரை வைத்து அழைக்காதீர்கள். "மீனவர்" போதும்.

மீனவன், மீனவர், மீனவர்கள்: எதை எப்போது சொல்வது?

ஒருவரைக் குறிக்க "மீனவர்", பலரைக் குறிக்க "மீனவர்கள்". "மீனவர் சங்கம்", "மீனவர் நலவாரியம்" போன்ற தொடர்களில் மீனவர் என்பதே பலரையும் குறிக்கும், "கள்" தேவையில்லை. "மீனவன்" கதையிலும் பாட்டிலும் நன்றாக இருக்கும். ஒருவர் தன்னைத்தானே "நான் மீனவன்" என்று சொல்லும்போது அதில் ஒரு பெருமிதம் ஒலிக்கும். அதையே செய்தியில் "மீனவன் பலி" என்று எழுதினால் காதில் குத்துகிறது. "மருத்துவன் பலி" என்று யாராவது எழுதுகிறார்களா?

கடற்கரையில் அவர்களே தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்?

"மீனவர்" என்ற சொல் மேடை, மனு, செய்தித்தாள், சங்கப் பலகை ஆகிய இடங்களில் அதிகம் வரும். வீட்டுக்குள்ளும் கரையிலும் அவ்வளவாக வராது. "அவர் என்ன பண்றார்?" என்று கேட்டால் "கடலுக்குப் போறார்" என்பதுதான் பதில். "தொழிலுக்குப் போறார்" என்றாலும் அதே பொருள். மீனவர் ஊரில் தொழில் என்றால் கடல்தொழில்தான், வேறு விளக்கம் தேவையில்லை. "இன்னைக்குத் தொழில் இல்லை" என்றால் காற்றோ, தடையோ, ஊர்க் கட்டுப்பாடோ ஏதோ ஒன்றால் படகு இறங்கவில்லை என்று அர்த்தம்.

விடியற்காலையில் படகு கரைக்கு வரும் நேரத்தில் போய் நின்று கேட்டால் இந்தப் பேச்சு முழுவதும் காதில் விழும். மணலில் தார்ப்பாய் விரித்து மீனைக் கொட்டுவார்கள். சுற்றிலும் ஏலக்காரர், வியாபாரிகள், கூடையோடு பெண்கள். படகிலிருந்து இறங்குகிறவரைப் பார்த்து, "அண்ணே, பாடு எப்படி?" என்று ஒரு குரல் வரும். பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். மீன்பாடு என்றும் சொல்வார்கள். "ஒண்ணும் படலப்பா, டீசல் காசுக்குக்கூடத் தேறாது" என்பார் அவர். மீன் "பிடித்தோம்" என்பதைவிட மீன் "பட்டது" என்பதே அங்கே இயல்பான பேச்சு. வலையை விடுவது நம் வேலை, படுவதும் படாததும் கடலின் கையில் என்ற எண்ணம் அந்த வினையில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

மீன் விற்ற காசு சம்பளமாக வருவதில்லை, பங்காக வருகிறது. டீசல், ஐஸ், சாப்பாடு என்று செலவைக் கழித்துவிட்டு, படகுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பிரிப்பார்கள். கணக்கு ஊருக்கு ஊர் மாறும். அதனால் படகில் போகிறவரைக் "கூலியாள்" என்று எழுதுவது பல இடங்களில் தவறு. அவர் பங்காளி. லாபத்தில் மட்டுமில்லை, வெறுங்கையோடு திரும்பும் நாளிலும் அவருக்குப் பங்கு உண்டு.

படகையும் வலையையும் வைத்துத் தொழில் நடத்துகிறவரை இராமேசுவரம் பக்கமும் இலங்கையின் வடக்கிலும் சம்மாட்டி என்பார்கள். குமரிக் கரையில் விசைப்படகை ஓட்டுகிறவர் ஸ்ராங்கு. பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிப்பது தங்கல். "அவர் தங்கலுக்குப் போயிருக்கார்" என்றால் இன்று மாலை வீட்டில் தேட வேண்டாம் என்று பொருள்.

செய்திகளில் வரும் விசைப்படகு மீனவர், நாட்டுப்படகு மீனவர், ஆழ்கடல் மீனவர்: இவர்கள் வேறு வேறா?

ஆமாம். இந்த அடைமொழியை விட்டுவிட்டு எழுதினால் செய்தியே மாறிவிடும்.

விசைப்படகு என்றால் உள்ளே பெரிய எஞ்சின் பொருத்திய படகு. இழுவை வலை, அதாவது கடலடியில் இழுத்துக்கொண்டே போகும் வலை, போடுபவை பெரும்பாலும் இவைதான். நாட்டுப்படகு என்றால் வள்ளம், வத்தை, கட்டுமரம் போன்றவை. இன்று இவற்றில் பெரும்பகுதி ஃபைபர் படகாக மாறி, பின்னால் மோட்டாரும் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் பெயர் நாட்டுப்படகுதான். இரண்டு தரப்புக்கும் நெடுங்காலமாக உரசல் உண்டு. கரையை ஒட்டி இழுவை வலை போட்டால் நாட்டுப்படகுக்காரரின் வலையும் அறுந்துபோகும், மீன் குஞ்சும் மிஞ்சாது. அதனால்தான் 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவு வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. அந்தப் பகுதி நாட்டுப்படகுகளுக்கு.

இப்போது "மீனவர்கள் மறியல்" என்று மட்டும் ஒரு தலைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலையை அனுமதிக்கச் சொல்லி மறியலா, தடுக்கச் சொல்லி மறியலா? இரண்டும் நடக்கிறது, இரண்டு தரப்பும் மீனவர்தான்.

ஆண்டுதோறும் வரும் மீன்பிடித் தடைக்காலமும் அப்படித்தான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு கரையும் இருப்பதால் ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். தடையும் விசைப்படகு, இழுவைப்படகுகளுக்குத்தான். "மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை" என்று அந்த மாதங்களில் மொட்டையாக எழுதினால், அன்று காலையில் வள்ளத்தில் போய் வந்தவர் என்ன நினைப்பார்?

ஆழ்கடல் மீனவர் என்றதும் குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார ஊர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை போன்ற அந்த ஊர்க்காரர்கள் சுறாவும் சூரையும் தேடி அரபிக்கடலின் நடுவே பல வாரம் தங்கித் தொழில் செய்கிறவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது அதிகம் இழந்ததும் இவர்கள்தான். புயல் எச்சரிக்கை வருவதற்குள் அவர்கள் கரையிலிருந்து வெகுதொலைவு போயிருந்தார்கள். "மீனவர்" என்றால் காலையில் போய் மாலையில் வருகிறவர் என்ற பொதுவான நினைப்பு அன்றைக்கு எவ்வளவு பொருந்தாமல் போயிற்று என்பதை மறக்கவே கூடாது.

பெண்களை மீனவர் என்று சொல்லலாமா? மீனவப் பெண், மீனவி, மீன்காரம்மா என்று பலவிதமாகச் சொல்கிறார்களே?

தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். "மீனவர்" என்பதில் ஆண் பெண் வேறுபாடு இலக்கணத்தில் கிடையாது. நம் நினைப்பில்தான் இருக்கிறது. "மீனவி" என்று சிலர் எழுதிப் பார்க்கிறார்கள், பேச்சில் அது ஒட்டவில்லை. "மீனவப் பெண்" நல்ல புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதை "மீனவரின் மனைவி" என்ற பொருளில் மட்டும் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்வார்கள், பாறையும் சிப்பியும் கிழிக்கும் என்பதால். கண்ணில் நீச்சல் கண்ணாடி. காலில் துடுப்புப்போலத் தட்டையான தகடு. இடுப்பில் பை. மூச்சை அடக்கி உள்ளே போய் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கிக்கொண்டு மேலே வருவார்கள், மறுபடியும் உள்ளே போவார்கள். இந்தப் பெண் மீனவர் இல்லை என்றால் வேறு யார் மீனவர்?

கரையில் மீனை ஏலம் எடுப்பது, தரம் பிரிப்பது, கருவாடு போடுவது, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில். இதுவும் புதிதல்ல. சங்க நூலான ஐங்குறுநூற்றில் ஒரு பாண்மகள் (பாணர் குலப் பெண்) கூடையில் கெடிற்று மீன் கொண்டுவந்து கொட்டுகிறாள். வீட்டுக்காரி அதே கூடை நிறையப் பயறு அளந்து கொடுக்கிறாள். அந்தக் கூடை இன்னும் நம் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

தெருவில் கூப்பிட "மீன்காரம்மா", "மீன் அக்கா" இரண்டும் அன்பான வழக்குகள். "மீன்காரி" என்பது மரியாதைக் குறைவு. "மீன்காரர்" என்றால் விற்கிறவர் மட்டுமே. அவர் மீனவராக இருக்க வேண்டும் என்பதில்லை, சந்தையில் வாங்கி விற்கிற வியாபாரியாகவும் இருக்கலாம்.

ஏரி, ஆறு, கண்மாயில் பிடிப்பவர்களும் மீனவரா?

ஆமாம். உள்நாட்டு மீனவர் என்பது அரசின் சொல். மேட்டூர் போன்ற நீர்த்தேக்கங்களில் உரிமம் பெற்றுப் பிடிப்பவர்கள் இதில் வருவார்கள்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை பக்கம் கோடையில் கண்மாயில் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப்பெரியவர் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும் ஊத்தாவும் (மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடை) வலையுமாகச் சேற்றில் இறங்குவார்கள். அன்று விரால் பிடித்த விவசாயி விவசாயிதான்.

இதற்கு நேர்மாறான நிலை ஒன்று உண்டு. பழவேற்காடு போன்ற உப்பங்கழிகளில் இருளர் பழங்குடியினர் தண்ணீருக்குள் உட்கார்ந்து கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள். படகு இல்லை, பெரிய வலை இல்லை. பிழைப்பே அதுதான். ஆனால் மீனவர் என்றதும் அவர்கள் யார் நினைவுக்கும் வருவதில்லை. பழவேற்காட்டு ஏரியில் மீனவ ஊர்கள் முறைவைத்து வலைபோடும் இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் "பாடு" முறை பெயர்பெற்றது. மேலே சொன்ன மீன்பாடு வேறு, இந்தப் பாடு வேறு. இது ஒருவர் வலை போடுவதற்கு உரிய இடமும் முறையும்.

இலங்கையில் வேறு சொல்லா?

அரசு வழக்கில் "கடற்றொழிலாளர்". அமைச்சின் பெயரே "கடற்றொழில்" என்றுதான் தொடங்கும். யாழ்ப்பாணம், மன்னார் பத்திரிகைகளில் "கடற்றொழிலாளர்" அதிகம் வரும், "மீனவர்" என்பதும் தாராளமாகப் புழங்கும். தமிழ்நாட்டில் மீன்பிடித் துறைமுகம் என்று இன்னொரு சொல்லோடு சேர்ந்து வரும் "மீன்பிடி", அங்கே தனியாகவே தொழிலைக் குறித்து வரும்.

பாக் நீரிணைச் செய்திகளில் ஒரு கவனம் தேவை. "மீனவர்கள் பாதிப்பு" என்று எழுதினால் எந்தக் கரை மீனவர்? இராமேசுவரத்தார் கைதாகும்போது படகும் வாழ்வாதாரமும் போகிறது. இலங்கையின் வடமாகாணத்தார் இழுவைப்படகுகளால் வலை அறுந்து தவிக்கிறார்கள். இரண்டு கரையிலும் அழுகிறவர்கள் தமிழில்தான் அழுகிறார்கள். "தமிழக மீனவர்", "வடமாகாண மீனவர்" என்று தெளிவாக எழுதுவதே இருவருக்கும் செய்யும் நியாயம். வெறும் "தமிழ் மீனவர்" என்பது இந்த இடத்தில் யாரையும் குறிக்காது.

குப்பம் என்று எழுதலாமா, மீனவர் கிராமம் என்று எழுதலாமா?

ஊரின் பெயரிலேயே குப்பம் இருந்தால் அப்படியே எழுதுங்கள். சென்னையின் நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பம் எல்லாம் பழைய ஊர்கள். சில இடங்களில் சுற்றியுள்ள நகரத்தைவிட மூத்தவை. ஆனால் பெயர் தெரியாத ஓர் இடத்தைப் பொதுவாகக் "குப்பம்" என்று எழுதினால் நகரத்தில் அது குடிசைப்பகுதி என்ற பொருளில் விழுகிறது. அப்போது "மீனவர் கிராமம்" நல்லது. தெற்கே போனால் குப்பமே இல்லை. அங்கே துறை, பட்டினம், பாடு என்று பெயர்கள் மாறிவிடும்: சின்னத்துறை, காயல்பட்டினம், மணப்பாடு.

பொழுதுபோக்குக்கு மீன் பிடிப்பவரை என்ன சொல்வது?

"தூண்டில் போடுபவர்" அல்லது "தூண்டில்காரர்". தூண்டிலால் பிழைக்கிற மீனவரும் உண்டு என்பதால் தேவைப்பட்டால் "பொழுதுபோக்காக" என்று சேர்த்துவிடுங்கள்.

எழுதும்போது ஒற்று எங்கே வரும்?

"மீனவர்" என்பதற்குப் பின் வல்லெழுத்து வந்தாலும் ஒற்று மிகாது: மீனவர் சங்கம், மீனவர் குடும்பம், மீனவர் கூட்டுறவு. "மீனவ" என்று நின்றால் மிகும்: மீனவப் பெண், மீனவக் குடும்பம், மீனவக் கிராமம். "மீன்பிடி"க்குப் பின்னும் மிகும்: மீன்பிடித் துறைமுகம், மீன்பிடித் தடைக்காலம். கடல் + தொழில் சேர்ந்தால் கடற்றொழில். பேச்சுக்கு நெருக்கமாக எழுதுவதானால் "கடல்தொழில்" என்று பிரித்தே எழுதலாம், கரையில் யாரும் "கடற்றொழிலுக்குப் போறேன்" என்று சொல்வதில்லை.